ஒரே பாடநூல், வேறு வேறு வாசல்

கல்முனைக் கல்வி வலயத்தில் ஐந்து கோட்டங்கள். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய மூன்றும் ஊர்ப்பெயரால் வழங்குகின்றன. மற்ற இரண்டுக்கும் அரச ஆவணங்களிலேயே உள்ள பெயர்கள் கல்முனை முஸ்லிம் கோட்டம், கல்முனை தமிழ்க் கோட்டம் என்பன. ஒரே நகரம், ஒரே பிரதான வீதி, ஒரே சந்தை. பாடசாலை நிர்வாகம் மட்டும் இரண்டு. தெற்கே போகப் போகப் பிரிவு இன்னும் ஆழமாகிறது. அக்கரைப்பற்றின் முஸ்லிம் பாடசாலைகள் அக்கரைப்பற்று வலயத்தில் இருக்கின்றன. அதே நகரோடு ஒட்டிக் கிடக்கும் ஆலையடிவேம்பின் தமிழ்ப் பாடசாலைகளோ திருக்கோவில் வலயத்தைச் சேர்ந்தவை. பொத்துவிலிலும் இதே கதைதான். முஸ்லிம் பாடசாலைக்கு அக்கரைப்பற்றிலிருந்து கடிதம் வரும். பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைக்குத் திருக்கோவிலிலிருந்து வரும்.

இரு சாராரின் பிள்ளைகளும் வீட்டில் பேசுவது தமிழ். அவர்கள் கையில் இருப்பது அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் அதே தமிழ்ப் பாடநூல். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை எழுதுவதும் அதே வினாத்தாள். சமயபாடம் ஒன்றுதான் வேறு. ஆனாலும் முதலாம் ஆண்டில் சேர்ந்து பதின்மூன்றாம் ஆண்டில் வெளியேறும் வரை, மருதமுனைப் பிள்ளை ஒன்றுக்குப் பாண்டிருப்பிலிருந்து ஒரு வகுப்புத் தோழன் கூடக் கிடைக்காமல் போவது இன்று சாதாரணமாகிவிட்டது. இரண்டும் வேலிக்கு வேலி ஒட்டிய ஊர்கள்.

இலங்கைப் பாடசாலைகளை இனவாரியாகப் பிரித்து வைத்திருப்பது சரியா என்ற கேள்வி கொழும்பில் எழும்போதெல்லாம் அது மொழிக் கேள்வியாகவே பேசப்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு. நாட்டிலுள்ள சுமார் 10,000 அரச பாடசாலைகளில் சிங்களம், தமிழ் இரண்டு மொழிமூலமும் ஒருங்கே நடப்பவை நூற்றுக்கு இரண்டைக் கூடத் தொடாது. மொழியால் பிரிந்த பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது என்பதே அங்கு கவலை. அம்பாறைக் கரையோரத்தில் அந்தக் காரணம் செல்லாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 43, சிங்களவர் 39, தமிழர் 17 பேர். கரையோரத்தில் வாழ்வோர் பெரும்பாலும் முஸ்லிம்களும் தமிழரும். சிங்களவர் பெரும்பாலும் உள்நாட்டில், கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த அம்பாறைப் பக்கத்தில் இருக்கிறார்கள். சிங்களப் பிள்ளைகளோடு நமது பிள்ளைகள் சேர்ந்து படிப்பதற்கு மொழியும் தூரமும் தடை. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சேர்ந்து படிப்பதற்கு அந்த இரண்டில் எதுவும் தடையாக இல்லை. அப்படியானால் எது தடை? இந்தக் கட்டுரை அதைத்தான் விசாரிக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்க வேண்டும். முஸ்லிம் பாடசாலை என்பது பிரித்து வைக்க விரும்பிய யாரோ மேலிருந்து திணித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். 1954இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் சட்டவிரோதமாக்கிய கறுப்பு, வெள்ளைப் பாடசாலைப் பிரிப்போடு இதை ஒப்பிடுவோரும் உண்டு. அந்த ஒப்பீடு தவறு. அங்கே வலியவர்கள் எளியவர்களை ஒதுக்கினார்கள். இங்கே பின்தங்கிப் போன ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகக் கேட்டுப் பெற்றது இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கில் ஆங்கிலக் கல்வியைக் கொண்டுவந்தவர்கள் கிறிஸ்தவ மிஷனரிகள். கல்முனையில் மெதடிஸ்த மிஷனின் வெஸ்லியும் கத்தோலிக்கரின் கார்மேல் பாத்திமாவும் அந்த வழியில் வந்தவை. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர், கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையில் படித்துவிட்டே மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்குப் போனார். சைவப் பிள்ளைகள் மதமாற்றத்துக்கு அஞ்சியபடியே அங்கே படித்தார்கள். முஸ்லிம் பெற்றோரில் மிகப் பலர் அந்த அச்சத்தாலேயே பிள்ளைகளை அனுப்பவில்லை. சித்திலெப்பை 1880களில் கண்டியிலும் கொழும்பிலும் முஸ்லிம் பாடசாலைகளுக்காகப் போராடியதற்கும் இதுவே காரணம். அவர் கேட்டது மதரசாவை அன்று. நவீன பாடங்களைச் சொல்லித் தரும், ஆனால் ஈமானுக்கு ஆபத்தில்லாத பாடசாலையைக் கேட்டார்.

அந்தக் கோரிக்கை கிழக்குக் கரையை அடையச் சுமார் அறுபது வருடங்கள் சென்றன. 1942இல் உணவு உற்பத்திப் பணிக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். வயலும் நெல்லும் பார்க்க வந்தவர், ஊரின் கல்வி நிலையைக் கண்டு கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். அங்கே தொடங்கிய எண்ணமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. அவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் படித்தவர். விபுலாநந்தரோடு நெருங்கிய நட்பு உள்ளவர். சைவப் பாடசாலைகளில் படித்து உருவான ஒருவர்தான் கிழக்கு முஸ்லிம்களின் கல்விக்கு வழி திறந்தார். முஸ்லிம்களுக்கென்று தனி நிறுவனம் கேட்பதும் தமிழரோடு நெருக்கமாக வாழ்வதும் அவருக்கு முரண்பட்ட இரண்டு காரியங்களாகத் தெரியவில்லை. இன்றைய விவாதத்தில் இந்தப் பார்வைதான் தொலைந்துபோயிருக்கிறது.

1949இல் கல்முனை ஸாஹிரா எழுந்தது. 1960, 1961 சட்டங்களால் உதவி பெறும் மிஷன் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. அந்தக் காலத்திலும், பின்னர் 1970 முதல் 1977 வரையும் கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூத் காலத்தில் முஸ்லிம் பாடசாலை என்ற தனிவகை நாடெங்கும் நிலைபெற்றது. நோன்பு மாதத்துக்கு ஏற்ற தவணை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஏற்ற நேரம், முஸ்லிம் அதிபர், முஸ்லிம் ஆசிரியர். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி 1970களின் தொடக்கத்தில் உருவானது.

மகளிர் கல்லூரியைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பெரியபிள்ளையானதும் படிப்பை நிறுத்தி வீட்டோடு இருத்துவது நம் உம்மாமார் காலத்து வழக்கம். கலவன் பாடசாலைக்கு, அதுவும் வேற்று ஊருக்கு, அனுப்ப எந்த வாப்பாவும் துணியவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில், பெண் ஆசிரியைகளோடு, தலைமறைத்துப் போகக்கூடிய ஒரு பாடசாலை வந்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது. இன்று ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீட வகுப்பறைகளை நிறைத்திருக்கும் முஸ்லிம் மாணவியரைப் பார்ப்பவர், அவர்களின் மூத்தம்மாமாரில் எத்தனை பேர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும். இரண்டு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றத்துக்கு முஸ்லிம் பாடசாலையே முதற் காரணம் என்பது என் உறுதியான கருத்து. அதை மூடிவிட வேண்டும் என்று பேசுவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

ஆயினும் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. முஸ்லிம் பாடசாலை உருவானதனால் மட்டும் பிள்ளைகள் முற்றாகப் பிரிந்துவிடவில்லை. 1950களிலும் 60களிலும் கல்முனைப் பகுதி முஸ்லிம் மாணவர் வெஸ்லியிலும் பாத்திமாவிலும் படித்தார்கள். பிரிவு இருந்தது, அதில் வாசலும் இருந்தது. அந்தக் காலத்தின் விளைச்சலை இலக்கியத்தில் காணலாம். பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணனைச் சுற்றிக் கூடிய கல்முனை எழுத்தாளர் சங்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக இருந்தார்கள். முஸ்லிம் எழுத்தாளர் மருதூர்க்கொத்தன் அங்கே இருந்தார். கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமானும் பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கமும் சேர்ந்து ‘கவிஞன்’ என்ற சிற்றிதழை நடத்தினார்கள். இன்று அப்படி ஓர் இதழைச் சேர்ந்து நடத்தக்கூடிய இருபது வயதுத் தமிழ் இளைஞனும் முஸ்லிம் இளைஞனும் எங்கே சந்திப்பார்கள்? பாடசாலையில் இல்லை.

வாசலை அடைத்தது போர். 1985 ஏப்ரலில் காரைதீவில் வீடுகள் எரிந்தன. 1990 ஜூனில் கல்முனையில் தமிழர் பலர் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். அந்த ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒரு வாரம் கழித்து ஏறாவூரில் படுகொலை. அதே நாட்களில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவற் படையினருக்கும் பங்கு இருந்தது. இதற்குப் பிறகு எந்தத் தாய் தன் பிள்ளையை எல்லைக்கு அப்பாலுள்ள பாடசாலைக்கு அனுப்புவாள்? ஆசிரியர்களும் தத்தம் ஊருக்கு மாற்றம் கேட்டு வந்தார்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு முஸ்லிம் மாணவர் போக முடியாத நிலையில், 1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி அடுத்த வருடமே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. முஸ்லிம்களுக்காகவென்று எழுந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்று சிங்கள, தமிழ் மாணவரும் படிக்கிறார்கள். பாடசாலைகளில் காணாத கலப்பு அங்கே நடந்திருக்கிறது. வாசலைத் திறந்து வைத்தால் போதும், பெயரை மாற்ற வேண்டியதில்லை என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று அது.

போர்க்காலத்தில் பாதுகாப்புக்காக எழுந்த ஏற்பாடு, சமாதான காலத்தில் நிர்வாகமாக இறுகிப்போனது. ஆழிப்பேரலை ஒரு சந்தர்ப்பத்தைத் தந்தது. 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை, 10,000க்கும் மேல், இழந்தது அம்பாறை மாவட்டம். முதல் நாட்களில் யார் யாருக்குச் சோறு கொடுத்தார்கள் என்று ஒருவரும் இனம் பார்க்கவில்லை. பிறகு நிதி வந்தது, அழிந்த பாடசாலைகள் மீண்டும் கட்டப்பட்டன. இரண்டு ஊர்களும் சேர்ந்து பயன்படுத்த ஒரு விஞ்ஞான ஆய்வுகூடம், ஒரு நூலகம், ஒரு மைதானம் என்று திட்டமிட அன்று எல்லாம் கைகூடியிருந்தது. செய்யவில்லை. முன்பிருந்த அதே கோடுகளின் மேலேயே சுவர்கள் எழுந்தன.

அரசாங்கம் ஒன்றுமே சொல்லவில்லை என்று கூற முடியாது. 2008இல் கல்வி அமைச்சு சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பல இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பாடசாலைகளை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரண்டும் நல்ல நோக்கம் கொண்டவை. கரையோரத்துக்கு வந்து சேர்ந்ததோ கருத்தரங்கும் மாணவர் பரிமாற்றப் பயணமும்தான். ஒரு நாள் விருந்தாளியாகப் போய் வரும் பிள்ளை நண்பனோடு திரும்புவதில்லை, புகைப்படத்தோடு திரும்புகிறது.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பேச்சின் தொனியே மாறியது. ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்தன. அதன்பின் இனவாரிப் பாடசாலைகளை ஒழிக்க வேண்டும் என்ற குரல் பாதுகாப்புக் காரணத்தோடு வந்தது. ஒருங்கிணைப்பு என்ற சொல் முஸ்லிம் பெற்றோரின் காதில் சந்தேகமாக விழத் தொடங்கியது அப்போதுதான். பிள்ளைகள் நண்பர்களாக வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பது ஒன்று. கண்காணிக்க வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பது முற்றிலும் வேறு. இரண்டாவதை எந்தச் சமூகமும் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

கட்டாயக் கலப்பு என்ன செய்யும் என்பதற்குப் பாடசாலைக்கு வெளியே ஓர் உதாரணம் நம் மண்ணிலேயே உண்டு. ஆழிப்பேரலையில் வீடிழந்தோருக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றைத் தேசிய இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவு, வருடக்கணக்கில் ஒருவரும் குடியேறாமல் வீடுகள் பற்றை மண்டிக் கிடந்தன. விகிதாசாரத்தை மேலிருந்து எழுதினால் வீடு காலியாகக் கிடக்கும். பாடசாலைக்கும் அதுவே நடக்கும்.

வெளியுலகமும் இதையே காட்டுகிறது. பொஸ்னியாவில் போருக்குப் பின் ஒரே கட்டடத்தில் இரண்டு இனப் பிள்ளைகளை இரண்டு வாசலால் உள்ளே விட்டு, இரண்டு பாடத்திட்டத்தில் படிப்பித்தார்கள். கூரை ஒன்றானாலும் மனம் ஒன்றாகவில்லை. வட அயர்லாந்தில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து படிக்க 1981இல் பெற்றோரே முன்னின்று லாகன் கல்லூரியைத் தொடங்கினார்கள். நாற்பது வருடங்கள் கடந்தும் அத்தகைய பாடசாலைகளில் படிப்போர் மொத்த மாணவரில் பத்தில் ஒரு பங்கைக் கூட எட்டவில்லை. அதனால் அவர்கள் இன்னொரு வழியையும் எடுத்தார்கள். பாடசாலைகள் தனித்தனியாகவே இருக்கும். ஆனால் சில பாடங்களை அயல் பாடசாலைகள் பகிர்ந்து நடத்தும். 2016இல் அதற்கென்று ஒரு சட்டமே செய்தார்கள். கல்முனைக்கு இந்த இரண்டாவது வழியே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. கணித, விஞ்ஞானப் பிரிவு உயர்தர வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு அருகருகே இரண்டு பாடசாலைகள் ஆசிரியர் தேடுவதை விட, பௌதிகவியலை ஒன்றிலும் இணைந்த கணிதத்தை மற்றதிலும் நடத்தலாம். தமிழ்த்தினப் போட்டிக்கு இரு சாராரின் பிள்ளைகளும் இப்போதே ஒரே மேடை ஏறுகிறார்கள். பாரதியின் பாட்டை மருதமுனைப் பிள்ளை பாடக் காரைதீவுப் பிள்ளை கைதட்டும் அந்த நாளை வருடம் முழுவதும் நீட்ட முடியும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி ஆசிரியர். விவாதம் எப்போதும் மாணவரைப் பற்றியே நடக்கிறது. பிரிவைத் தினமும் காப்பாற்றி வைத்திருப்பதோ ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும்தான். முஸ்லிம் பாடசாலைக்கு முஸ்லிம் ஆசிரியர், தமிழ்ப் பாடசாலைக்குத் தமிழ் ஆசிரியர் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. ஓரிடத்தில் மிகை இருக்கும். சற்றுத் தள்ளி, திருக்கோவில் பொத்துவில் பக்கத்தில், கணிதத்துக்கு ஆள் இல்லாமல் வகுப்பு சும்மா இருக்கும். நிரப்ப ஆள் இருந்தும் நிரப்பப்படுவதில்லை, அவர் மற்றச் சமூகத்தவர் என்பதால்.

இந்த இடத்தில் திருகோணமலையை மறைத்துவிட்டுப் பேச முடியாது. 2018 ஏப்ரலில் அங்கே சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததற்கு எதிர்ப்பு எழுந்து வீதி வரை வந்தது. ஆசிரியைகள் வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களின் உரிமை மீறப்பட்டது என்று மனித உரிமைகள் ஆணைக்குழு கண்டது. 2022இல் பிரச்சினை மீண்டும் வெடித்து நீதிமன்றம் போனது. சைவப் பாரம்பரியம் கொண்ட பாடசாலையின் உடைமரபைக் காப்பது தங்கள் கடமை என்று பெற்றோர் பலர் மனமார நம்பினார்கள். அந்த அச்சத்தை நான் இழிவாகப் பேச மாட்டேன். போரில் எல்லாவற்றையும் இழந்த சமூகம் எஞ்சியதை இறுகப் பிடிக்கும். இருந்தாலும் பாடசாலையின் சூழல் பிள்ளைக்கானது. ஆசிரியையின் உடை அவருடைய நம்பிக்கை. சேலையில் வந்தால் மட்டுமே கற்பிக்கலாம் என்றால் அந்த வாசல் முஸ்லிம் ஆசிரியைக்கு அடைத்த வாசல்தான். இதையே திருப்பியும் சொல்ல வேண்டும். முஸ்லிம் பாடசாலைக்கு வரும் தமிழ் ஆசிரியை பொட்டோடும் பூவோடும் வர, ஒருவரும் முகம் சுளிக்காத நிலை நம் ஊர்களில் எல்லா இடத்திலும் இருக்கிறதா? தலையை மூடிக்கொள்ளும்படி ஜாடையாகச் சொல்வதும் ஒரு வகை விரட்டல்தான். நம் பக்கத்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் இதை மனம் திறந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

2024இல் திருகோணமலை ஸாஹிராவின் 70 மாணவியரின் உயர்தரப் பெறுபேறு, பரீட்சை மண்டபத்தில் காதுகளை மூடியிருந்தார்கள் என்ற காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டுப் பிறகே வெளியிடப்பட்டது. காதில் கருவி ஒளித்துவைக்கலாம் என்ற கவலை நியாயமானது. ஒரு பெண் மேற்பார்வையாளர் தனியறையில் பார்த்துத் தீர்த்திருக்கக்கூடிய விடயம் அது. நடைமுறை எழுதப்படாத இடத்தில் அவநம்பிக்கை முடிவெடுக்கிறது.

எனவே எழுதப்பட வேண்டும். ஆசிரியர் வெற்றிடத்தைப் பாடத்தை மட்டும் பார்த்து நிரப்புவது, மற்றச் சமூகத்துப் பாடசாலையில் பணி செய்பவரின் உடைக்கும் ஜும்ஆவுக்கும் பண்டிகை விடுமுறைக்கும் எழுத்தில் உத்தரவாதம் தருவது, அங்கே குறிப்பிட்ட காலம் பணி செய்தவருக்கு அடுத்த இடமாற்றத்தில் முன்னுரிமை கொடுப்பது. ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நோன்புக்கால விடுமுறையால் இரு வகைப் பாடசாலைகளின் தவணைகள் வேறுபடுகின்றன; தமிழ்ப் பாடசாலையில் கற்பிக்கும் உம்மாவுக்கு வேலை நாளாக இருக்கும்போது முஸ்லிம் பாடசாலையில் படிக்கும் அவர் பிள்ளைக்கு விடுமுறை. மாற்றம் வேண்டாம் என்று பல ஆசிரியைகள் சொல்வதற்கு இனத்தை விட இதுபோன்ற காரணங்களே பெரிது. அவற்றை வலயக் கல்வி அலுவலகம் தீர்க்கலாம், பாராளுமன்றம் தேவையில்லை.

மாணவரைச் சேர்ப்பதை விட ஆசிரியரைச் சேர்ப்பது முதலில் நடக்க வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு இதுவே காரணம். பெற்றோர் கட்டடத்தை நம்பிப் பிள்ளையை அனுப்புவதில்லை, ஆசிரியரை நம்பி அனுப்புகிறார்கள். சாய்ந்தமருதுப் பிள்ளைக்கு இரசாயனவியல் படிப்பித்துச் சித்தியடைய வைத்த காரைதீவு ஆசிரியரை அந்த வீடு மறக்காது. நிந்தவூர் ஆசிரியையிடம் கணிதம் கற்ற தம்பிலுவில் பிள்ளை முஸ்லிம்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அந்த ஆசிரியையை நினைத்தே கேட்கும். அஸீஸை உருவாக்கியதும் அப்படிப்பட்ட ஆசிரியர்கள்தான்.

கல்முனை வடக்குப் பிரதேச செயலகம், சாய்ந்தமருது தனிச்சபை என்று எல்லைப் பிரச்சினைகள் தீராமல் நிற்கின்றன. அவை தீரட்டும், பிறகு பாடசாலையைப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆகிய நான்கு வலயங்களின் பணிப்பாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, தங்கள் கணித, விஞ்ஞான, ஆங்கில, சிங்கள ஆசிரியர்களின் மிகையையும் குறையையும் ஒரே பட்டியலில் எழுதட்டும். அந்தப் பட்டியலில் இனம் என்ற நிரல் இருக்கக் கூடாது. அடுத்த வருட இடமாற்றத்தை அதை வைத்தே செய்யட்டும்.